காவற் கண்ணும் கங்காணிக் கண்ணும்

கண்காணிப்பு என்ற சொல் இன்று எல்லார் வாயிலும் வழங்குகின்றது. ஆயினும், இலங்கைத் தமிழரின் வாழ்வில் அச்சொல்லுக்கு இரண்டு முகங்கள் இருந்து வந்தமையை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு முகத்தை எங்கள் கரடியனாற்று வயல்வெளியிற் காணலாம். வேளாண்மை கதிர் தள்ளுங் காலத்தில் யானையும் பன்றியும் இறங்கிவிடாதபடி பரண் கட்டி, இரவு முழுவதும் ஒருவன் விழித்திருப்பான். ஊரார் கவலையின்றி உறங்குவதற்காக அவன் கண் உறங்காதிருக்கும். அது காவல்.

மற்ற முகத்தைக் காண்பதற்கு, எங்கள் ஊரூடாகச் செல்லும் பதுளை வீதி வழியே மேற்கு நோக்கிப் போக வேண்டும். வீதி மலையேறியதும் தேயிலைத் தோட்டங்கள் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைத் திரட்டி வந்து, தோட்டத்தில் அவர்களை மேய்த்தவன் கங்காணி. கண்காணி என்னும் தமிழ்ச் சொல்லே மருவிக் கங்காணி ஆயிற்று. வேலைக்கு இறங்கிய ஆட்களின் தலைக்கணக்குப்படி அவனுக்குப் பணமும் கிடைத்தது. அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால், பார்க்கப்பட்டவரின் நன்மைக்காக அவன் பார்க்கவில்லை.

இவ்விரு கண்களையும் மனத்திற் கொண்டு ஆகாய விமானத்தின் உள்ளே புகுவோம். இக்காலப் பெரிய பிரயாணி விமானங்கள் பலவற்றில் விமானி அறைக் கதவுக்கு வெளியேயும், ஏறும் வாயிலின் அருகேயும் சிறிய கமராக்கள் பொருத்தப்பட்டுள்ளன. சிலவற்றில் ஆசனங்களின் நடுவேயுள்ள நடைவழியையும் அவை நோக்குகின்றன. கரடியனாற்றில் இருப்பவனுக்கு இதனால் என்ன என்று வாசகர் வினவலாம். மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லும் தாய்மாரும் இளைஞரும் இப்பகுதிக் கிராமங்களிற் பலர். தாய் கட்டுநாயக்காவில் விமானம் ஏறிய நாளிலிருந்தே காலத்தைக் கணக்கிடும் பிள்ளைகளுக்கு நான் பாடஞ் சொல்லிக் கொடுக்கின்றேன். ஆகையால் விமானத்தினுள் இருக்கும் கண் எத்தகையது என்பது எங்களுக்கும் உரிய கேள்வியே.

அக்கண் விமானத்துள் புகுந்த வரலாறு துயரமானது. 2001 செப்டெம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் நான்கு விமானங்கள் கடத்தப்பட்டன. கடத்தியவர்கள் விமானி அறையுட் புகுந்து, விமானங்களையே ஆயுதமாக்கினர். அதன் பின்னர் சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் தன் விதிகளை இறுக்கிற்று. அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்லக்கூடிய பிரயாணி விமானங்களில், துப்பாக்கிக் குண்டும் பலாத்காரமும் துளைக்க முடியாத கதவு 2003 நவம்பர் முதலாந் திகதியிலிருந்து வேண்டப்பட்டது. கதவுக்கு வெளியே நிற்பவர் யார், அவர் நடத்தை ஐயத்துக்குரியதா என்பவற்றை விமானிகள் தம் ஆசனத்தில் இருந்தபடியே அறிய வழி இருத்தல் வேண்டும் என்பதும் அவ்விதியின் ஒரு பகுதி. கதவு மூடிவிட்டால் வெளியே நடப்பது தெரியாது. தெரியாவிட்டால் கதவைத் திறக்கவும் முடியாது. இந்த இக்கட்டைத் தீர்க்கவே பல விமானங்களில் கமரா இடம் பெற்றது. பணிப்பெண் உட்தொலைபேசியில் அழைப்பார். விமானி திரையிற் பார்ப்பார். வேறொருவரும் அருகில் இல்லை என்று கண்ட பின்னரே பூட்டை விடுவிப்பார். விளக்கணைந்த இரவிலும் காணத்தக்க கருவிகள் உள.

எனினும், கதவுக்கு வெளியே பார்க்கும் கண்ணுக்கு உள்ளே இருப்பவனின் நெஞ்சம் தெரியாது. 2015 மார்ச் 24ஆம் நாள் பார்சிலோனாவிலிருந்து டுசல்டோர்வ் நோக்கிச் சென்ற ஜேர்மன்விங்ஸ் விமானத்தில், தலைமை விமானி சற்று வெளியே சென்ற வேளை துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு, விமானத்தைப் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் மாண்டனர். கடத்தற்காரரைத் தடுப்பதற்கென அமைத்த கதவு, அன்று விமானத்தின் தலைவரையே தடுத்து நின்றது. நம் நாட்டு அனுபவமும் ஒன்றுண்டு. 1986 மே 3ஆம் நாள் கட்டுநாயக்காவில் நின்ற ஏர் லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். அக்குண்டு பிரயாணிகளின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் மறைக்கப்பட்டிருந்தது. நடைவழியில் நூறு கமராக்கள் இருந்தாலும் அதனைக் கண்டிரா. ஆகவே கமராவைச் சர்வரோக நிவாரணி என்று கொள்வது பேதைமை.

அப்படியாயின் அது வீணா? வீண் அன்று என்பதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு விபத்தே சான்று. 1989 ஜனவரி 8ஆம் நாள் லண்டனிலிருந்து பெல்பாஸ்ட் நோக்கிச் சென்ற விமானத்தின் இடப்பக்க இயந்திரம் பழுதுற்றது. விமானிகளோ வலப்பக்க இயந்திரத்தை நிறுத்திவிட்டனர். கூடத்தில் இருந்தோர் சிலர் இடப்பக்கத்தில் நெருப்புப் பொறி பறந்ததைக் கண்டிருந்தனர். வலப்பக்க இயந்திரத்தில் பழுது என்று தலைமை விமானி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, அவர்கள் வியந்தார்களேயன்றி அதை அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. விமானம் கெக்வேத் என்னும் கிராமத்தின் அருகே வீழ்ந்தது. இருந்த 126 பேரில் 47 பேர் உயிரிழந்தனர். விமானத்தின் புறத்தையும் அகத்தையும் விமானிகளுக்குக் காட்டும் தொலைக்காட்சி அமைப்பைப் பற்றிய ஆராய்ச்சியை விரைவுபடுத்துக என்று விசாரணையாளர் பரிந்துரைத்தனர். கண்டவர்கள் ஓரிடத்திலும், அறிய வேண்டியவர் மற்றோரிடத்திலும் இருந்தனர். நடுவே நின்றது ஒரு கதவும், 'பெரியவர்களுக்குத் தெரியாததா?' என்ற தயக்கமுமே.

அத்தயக்கம் எங்கள் மக்களுக்குப் புதியதன்று. ஆங்கிலமோ அரபு மொழியோ அறியாத ஒரு தாய் நள்ளிரவு விமானத்தில் அநீதிக்கு உள்ளானால், யாரிடம் எவ்வாறு முறையிடுவாள்? 2022 நவம்பர் 26ஆம் நாள் நியூயோர்க்கிலிருந்து டில்லிக்கு வந்த விமானத்தில், முதிய பெண்மணி ஒருவரிடம் சக பிரயாணி மிக இழிவாக நடந்துகொண்டதாக முறைப்பாடு எழுந்தது. குற்றஞ் சாட்டப்பட்டவர் அடுத்த ஜனவரியிலேயே கைதானார்; அவர் குற்றத்தை மறுத்தார். நடந்ததைப் பதிவு செய்த கருவி இன்மையால் எல்லாம் வாய்மொழிச் சாட்சியிலேயே தங்கி நின்றன. கற்றவரும் வசதி படைத்தவரும் பயணஞ் செய்யும் உயர் வகுப்பிலேயே நிலைமை இதுவாயின், கூலிக்குச் செல்லும் பெண்ணின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்? கமராவுக்கு மொழி பேதம் இல்லை. அவளுக்காக அது சாட்சி சொல்லக் கூடும்.

கதவுகளின் கதையும் இத்தகையதே. உயரப் பறக்கும்போது விமானக் கதவை ஒருவராலும் திறக்க இயலாது. உள்ளிருக்கும் காற்று, புறக்காற்றைவிட ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ எட்டு இறாத்தல் அதிகமாக அழுத்துவதால், முழுக் கதவின் மேலும் பல தொன் பாரம் நிற்கும். நிலத்திலும், நிலத்தை அணுகும்போதும் அப்பாரம் இல்லை. 2022 டிசெம்பர் 10ஆம் நாள் சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் புறப்பட நின்ற இண்டிகோ விமானத்தில் பிரயாணி ஒருவரால் அவசரக் கதவு திறக்கப்பட்டது. அது தவறுதலாக நேர்ந்தது என்றும், அவர் மன்னிப்புக் கேட்டார் என்றும் கூறப்பட்டது. செய்தி பரவலாக வெளிவந்ததோ ஒரு மாதங் கழித்தே. 2023 மே 26ஆம் நாள் தென் கொரியாவின் டேகு நகரில், தரையிறங்க ஏறத்தாழ 700 அடி இருக்கையில் ஒரு பிரயாணி ஏசியானா விமானத்தின் கதவைத் திறந்தே விட்டார். தெய்வாதீனமாக ஒருவரும் இறக்கவில்லை. இவ்விடங்களில் ஒரு கண் வேண்டும் என்பதை யார் மறுப்பார்?

ஆனால் கதவைப் பார்க்க வைத்த கண் முகத்தைப் பார்க்கத் திரும்பினால்? 2019ஆம் ஆண்டில், சில விமானங்களின் ஆசன முதுகில் உள்ள படத்திரையின் கீழ் சிறு கமரா ஒன்று இருப்பதைப் பிரயாணிகள் கண்டு திடுக்குற்றனர். அவை இயக்கப்படவில்லை என்று சிங்கப்பூர் விமானக் கம்பனியும் அமெரிக்கக் கம்பனிகள் சிலவும் விளக்கம் கூறின. இயக்காத கண் அங்கே ஏன் என்ற வினா மக்கள் மனத்தில் எஞ்சியது. விமானிகளின் நிலைப்பாட்டையும் நோக்குக. விமானி அறையுள் படம் பதியும் கருவி வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2000ஆம் ஆண்டிலிருந்து வற்புறுத்தி வந்துள்ளது. விமானிகளின் சங்கங்கள் அதை எதிர்த்து வந்துள்ளன. தம் வேலை முழுவதும் ஒரு கண்ணின் கீழ் நடப்பதை அவர்கள் விரும்பவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நடைவழியில் ஓயாது நடக்கும் பணிப்பெண்ணுக்கும், ஆசனத்தில் உறங்கும் தாய்க்கும் அதே மான உணர்ச்சி இருக்கும் அன்றோ?

வள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். உளவு அறிதலை அவர் வெறுக்கவில்லை. அரசுக்கு அது கண் என்றே கருதினார். ஆனால் ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவும் சொன்னார். பார்ப்பவனும் பார்க்கப்பட வேண்டும் என்ற நீதி அதில் அடங்கியுள்ளது. விமானக் கமராவுக்கும் அந்நீதியே பொருந்தும் என்பது என் துணிபு. கதவையும் அதனை அணுகும் வழியையும் அது பார்க்கட்டும். அது இருப்பதை ஏறும்போதே எல்லாருக்கும் அவரவர் மொழியில் அறிவிக்க வேண்டும். குறித்த நாட்களுக்குப் பின் படம் அழிக்கப்பட வேண்டும். இடையில் முறைப்பாடு எழுந்தால், கம்பனி தனக்குச் சாதகமானபோது மட்டும் அதை வெளியே எடுக்காமல், முறையிட்டவரும் கேட்டுப் பெறத்தக்க உரிமை இருக்க வேண்டும்.

இவ்வுரிமை இல்லாத இடத்தில் கமரா கங்காணியின் கண்ணாகவே முடியும். கப்பலேறி வந்தவர்களின் தலையை எண்ணியது போல, விமானமேறிச் செல்வோரின் முகத்தை அது எண்ணும். கூலிக்குக் கடல் கடப்போர் இன்று எங்கள் ஊர்த் தாய்மார். தங்களை யார் பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்று கேட்கும் துணிவை அவர்களுடைய பிள்ளைகளுக்கேனும் நாம் பள்ளிக்கூடத்தில் ஊட்ட வேண்டும்.