மீண்டும் வந்த 'மெட்டி ஒலி'

2020 ஊரடங்கில் சன் தொலைக்காட்சி 'மெட்டி ஒலி'யை மறுபடி ஒளிபரப்பியது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், மூதூர்ப் பக்கம், எங்கள் மகளிர் குழுவிலிருந்து ஓயாமல் தொலைபேசி அழைப்புகள். "தங்கச்சி, சிதம்பரம் ஐயா வந்திட்டார்!" என்று ஓர் அக்கா கூவினார்.

2002 முதல் 2005 வரை வந்த நாடகம். யுத்தநிறுத்த காலம். பற்றரியில் ஓடிய ஒரே பெட்டியின் முன் அயலே கூடியிருக்கும். தாயில்லாத ஐந்து பெண்பிள்ளைகளைத் தகப்பன் கரைசேர்க்கும் கதை. மாமியார் ராஜத்தைத் திட்டாதவர் இல்லை, நான் உட்பட.

அக்காவுக்குப் பிடித்தவை, இரண்டாமவள் சரோவுக்காகத் தகப்பன் தலைகுனிந்து நிற்கும் கட்டங்கள். "எங்களுக்கும் மூன்று குமர், நானும் இப்படித்தான் நிற்கவேணும்" என்று அப்போது கணவர் பகிடி விட்டாராம். 2006இல் அவர் காணாமற்போனார்.

"இப்ப சிதம்பரம் நான்தான், தங்கச்சி. வை, விளம்பரம் முடிஞ்சிட்டுது."