எந்த ஆயில் ஊற்றுவது?

கிருஷ்ணகிரியிலிருந்து நாள்தோறும் ஓசூருக்கு வேலைக்குச் செல்லும் என் அண்ணன், பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார். முதன்முறை ஆயில் மாற்றும்போதே குழப்பம். கடைக்காரர் விலையுயர்ந்த சிந்தெடிக் டப்பாவை நீட்டினார். மெக்கானிக்கோ, "சாதா 20டபிள்யூ-40 போதும்" என்றார்.

காஸ்ட்ரால், மொபில், ஷெல், நம் நாட்டுச் சர்வோ எனப் பெயர்கள் பல உண்டு. ஆனால் முதலில் பார்க்கவேண்டியது டப்பாவின் மேலுள்ள எண்ணைத்தான். 5டபிள்யூ-30 என்பதில் முன்னெண் குளிரில் ஓடும் தன்மையையும், பின்னெண் எஞ்சின் சூடான பின் உள்ள பாகுத்தன்மையையும் குறிக்கும். ஓசூரின் மார்கழிக் குளிருக்கு 5டபிள்யூ எதற்கு என்று கேட்கலாம். காலையில் எஞ்சினைக் கிளப்பியவுடன் இளகிய எண்ணெய் விரைவில் மேலேறும், தேய்மானம் குறையும். அடுத்து ஏ.பி.ஐ. தரம். பெட்ரோல் எஞ்சினுக்குரிய எஸ்.பி. தரம் 2020இல் வந்தது.

'சிந்தெடிக்' என்ற சொல்லே சர்ச்சைக்குள்ளானதுதான். சிறு மூலக்கூறுகளை வேதிமுறையில் இணைத்துச் செய்வது ஒருவகை. கச்சா எண்ணெயிலிருந்து கிடைப்பதையே ஹைட்ரஜனால் மிகுதியாகத் தூய்மைப்படுத்துவது மற்றொன்று. இரண்டாவதைக் காஸ்ட்ரால் சிந்தெடிக் என்று விற்றதை மொபில் எதிர்த்தது. 1999இல் அமெரிக்க விளம்பர ஆய்வு அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் முடிவு கூறியது. ஆகவே அச்சொல்லைத் தாங்கிய இரு டப்பாக்களில் இருப்பது ஒன்றாக இராது. எனினும் இரண்டுமே வெப்பத்தைச் சாதா ஆயிலைவிட நன்கு தாங்கும்.

அண்ணன் காரின் கையேட்டைப் புரட்டினார். 5டபிள்யூ-30 என்றிருந்தது. அதே எண்ணும் தரமும் கொண்ட, விலை குறைந்த டப்பாவை வாங்கினார். மிஞ்சிய பணத்தில் ஆயில் ஃபில்டரையும் மாற்றினார். அதைக் கடைக்காரர் நினைவூட்டவே இல்லை!