மாவுக்கட்டு பிரித்த பின்

"எலும்பு கூடிவிட்டது, இனிக் கவலையில்லை" என்று மருத்துவர் கூறிய அன்றுதான் எங்கள் வீட்டில் கவலை தொடங்கிற்று. புளியமரத்திலிருந்து விழுந்து கெண்டைக்கால் எலும்பு முறிந்த என் தம்பிக்கு வயது ஒன்பது. ஏழு வாரம் தொடை வரை மாவுக்கட்டு. ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை செய்யும் எங்கள் அம்மா, கட்டுப் பிரித்த காலைக் கண்டு அழுதேவிட்டார். அவ்வளவு சூம்பியிருந்தது! ஊன்றச் சொன்னால் தம்பி அலறுவான். தெருப்பிள்ளைகளோ 'நொண்டி' என்று பெயரே வைத்துவிட்டனர்.

கால் ஏன் சூம்புகிறது? உழைக்காத தசையை உடல் வீணே வளர்ப்பதில்லை. சில நாட்கள் அசையாதிருந்தாலே தசை கரையத் தொடங்கும். முழங்காலை நீட்டும் முன்தொடைத் தசை விரைவில் மெலியும். மடங்காதிருந்த மூட்டும் இறுகிவிடும். குழந்தையின் எலும்பு பெரியவர்களுடையதைவிட விரைவில் கூடும். ஆனால் தசை தானாகத் திரும்புவதில்லை. மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டாயினும், நம் பகுதியினர் நாடிச் செல்லும் ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டாயினும் இவ்விதி ஒன்றே.

இந்த உண்மையை நம் வட்டாரத்தில் வாழ்ந்து காட்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவரான அவர், 1954-ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். புண் ஆறுவதோடு சிகிச்சை முடிவதில்லை. நோயாளி தன் வாழ்வுக்குத் திரும்புவதில்தான் அது முடிகிறது என்பதே மறுவாழ்வு மருத்துவத்தின் அடிப்படை.

நாங்களோ முதல் இரு வாரம் தவறிழைத்தோம். "ஆடாதே, அசையாதே" என்று பாயிலேயே கிடத்தினோம். பின்னர்ப் பிசியோதெரபி நிபுணர் ஒருவர் வழிகாட்டினார். அவர் கற்பித்தவை எளியவை:

1. காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்துதல்.
2. மல்லாந்து படுத்து, மடக்காமல் காலை ஒரு சாண் உயரம் தூக்கி மெல்ல இறக்குதல்.
3. பாதத்தை மேலும் கீழும் அசைத்தல்.

ஒவ்வொன்றும் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. மருத்துவர் இசைவு தந்தபின் சுவரைப் பிடித்து நடத்தல், முக்காலியில் அமர்ந்து எழுதல், பிறகு படியேறுதல். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

எண்ணெய் தேய்த்து முரட்டுத்தனமாக நீவுவதும், மூட்டை இழுத்து மடக்குவதும் தீங்கு. சில வாரம் சற்றே சாய்ந்து நடப்பது இயல்பு. வீக்கம், காய்ச்சல், இரவில் வலி இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உணவுக்குக் கேழ்வரகுக் கூழ், பால், முட்டை, பயறு, முருங்கைக்கீரை போதும், இளவெயிலும் வேண்டும்.

ஆனால் வலியைவிடப் பெரிய தடை அச்சம். அதட்டினால் குழந்தை கால் ஊன்றாது. நான் கல்லூரியிலிருந்து திரும்பியதும் பலூனைக் கட்டித் தொங்கவிட்டு உதைக்கச் சொல்வேன். அம்மா வேலை முடிந்து வந்ததும், வாசலிலிருந்து எத்தனை அடி நடந்தான் என்று எண்ணுவார். நேற்று பன்னிரண்டு, இன்று பதினைந்து. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா?

ஒற்றைக்காலில் குதிப்பதுதான் கடைசிப் பயிற்சி. நான்காம் மாதம், அதே தெருப்பிள்ளைகளோடு, அடிபட்ட காலாலேயே குதித்து நொண்டி விளையாடினான் தம்பி. மூவரைத் தொட்டு 'அவுட்' ஆக்கினான்! அதன்பின் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கட்டுப் பிரித்த குழந்தை இருந்தால், நாளும் அரைமணி நேரம் அதன் அருகில் அமருங்கள். எலும்பைக் கூட்டுவது இயற்கையின் வேலை. காலை நடக்கவைப்பது நம் வேலை.