கொக்கு மட்டும் போதுமா, வயலும் வேண்டுமா?

தஞ்சை வட்டாரத்தில் பறவைப் படம் எடுப்பவர்களுக்கு வந்த சோதனை

உழுத வயலில் டிராக்டர் ஓடுகிறது. அதன் பின்னாலேயே ஐம்பது அறுபது கொக்கு!

கலப்பை புரட்டிப் போடும் சேற்றில் புழு, பூச்சி, தவளை எல்லாம் மேலே வரும். அதைக் கொத்தத்தான் இந்தக் கூட்டம். நடவு சமயத்தில் தஞ்சாவூர்-மன்னார்குடி பஸ்சில் போகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ஜன்னல் ஓரத்து ஆசாமிகூடத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

கேமராவோடு வந்தவர் மட்டும் வரப்பில் இறங்கிவிடுவார். சேறு முழங்கால் வரை ஏறினாலும் கவலை இல்லை. எடுத்துத் தள்ளுவார்.

வீட்டுக்குப் போய்ப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டதும் தலைவலி ஆரம்பம். டிராக்டர் சக்கரம் ஓரத்தில் நிற்கிறது. வெட்டுவதா? டிரைவரின் தலைப்பாகை தெரிகிறது. வெட்டுவதா? அதற்கும் மேலே கரண்டு கம்பி!

ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு கொக்கு. பின்னால் மங்கலாகக் கொஞ்சம் பச்சை. படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது தஞ்சாவூர்க் கொக்கா, தாய்லாந்துக் கொக்கா என்று யாராலும் சொல்ல முடியாது.

சிவப்பு பென்சில்

படத்தை வெட்டுவது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த வித்தை அல்ல. பிலிம் காலத்தில் இருட்டறையில் என்லார்ஜரின் தலையை மேலே ஏற்றினால் பறவை பெரிசாகும். சுற்றியிருப்பது காகிதத்துக்கு வெளியே விழுந்துவிடும். அவ்வளவுதான் வெட்டு.

பத்திரிகை ஆபீசில் இதற்கே சிவப்பு பென்சில் இருந்தது. மேடையில் பத்துப் பேர் நின்ற போட்டோவில் நாலு கோடு போட்டால் தலைவர் மட்டும் 'பிளாக்' ஆகி வருவார். பக்கத்தில் நின்றவர் அதற்குள் வேறு கட்சிக்குப் போயிருந்தால் ரொம்ப சௌகரியம்!

பறவைக்குக் கட்சி கிடையாது. ஆனால் அதற்கும் 'பக்கத்தில் நிற்பது' என்று ஒன்று உண்டு. அதை வெட்டினால் செய்தியே மாறிவிடும்.

மூக்குக்கு முன்னால் இடம்

வெட்டத்தான் வேண்டும் என்றால் அதற்குச் சில முறைகள் இருக்கின்றன.

பறவை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் இடம் விடவேண்டும். பறக்கும் நாரையின் மூக்குக்கு முன்னாலேயே படம் முடிந்தால், அது சுவரில் முட்டப்போவது போல் இருக்கும். கண் பளிச்சென்று இருக்கவேண்டும். கண் மங்கிய படத்தை எப்படி வெட்டியும் பிரயோஜனம் இல்லை.

ஏரிக்கரையோ தொடுவானமோ பறவையின் கழுத்துக்குக் குறுக்கே போகக்கூடாது. தலையைச் சீவினது மாதிரி ஆகிவிடும். இதை வெட்டிச் சரிசெய்ய முடியாது. எடுக்கும்போதே குனியவேண்டும், அல்லது கரைமேல் ஏறவேண்டும்.

கால் விஷயம்தான் மோசம். தண்ணீரில் நிற்கும் அரிவாள்மூக்கனின் காலை முட்டியோடு வெட்டிவிட்டு 'குளோசப்' என்பார்கள். ஒன்று, தலையும் கழுத்தும் மட்டும் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் விழும் நிழல் வரை விடவேண்டும். நடுவில் நிறுத்தினால் நொண்டிப் பறவைதான்.

கணக்கும் உண்டு. 2 கோடியே 40 லட்சம் புள்ளி உள்ள ஒரு படத்தை நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்று வெட்டினால் மிஞ்சுவது 60 லட்சம். நிலம் அளந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாதிக்குப் பாதி என்றால் கால் பங்கு! செல்போனில் பார்க்க அது போதும். சுவரில் பெரிசாக மாட்டினால் புள்ளி புள்ளியாகப் பல்லைக் காட்டும்.

மனிதன் கை படாத இடம் எது?

போட்டிக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். சர்வதேச அமைப்பான 'பியாப்', பிரிட்டனின் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி, அமெரிக்க போட்டோகிராபிக் சொசைட்டி மூன்றும் 2014-ல் இயற்கைப் படத்துக்கு ஒரே இலக்கணம் வகுத்தன. அதன்படி படத்தில் எதையும் சேர்க்கக்கூடாது, அழிக்கக்கூடாது. ஓரத்தை வெட்டிக்கொள்ள மட்டும் அனுமதி உண்டு. மனிதன் செய்த பொருளும் படத்தில் வரக்கூடாது.

அப்படியானால் தஞ்சாவூர்க்காரர் எங்கே போவார்? கல்லணை தொட்டு கடைமடை வாய்க்கால் வரை இங்கே எல்லாமே மனிதன் கட்டியதும் வெட்டியதும்தானே!

வடுவூர் ஏரியையே எடுத்துக்கொள்ளலாம். 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலக அளவில் பெயர் வாங்கியது. ஆனால் அது பாசனத்துக்காக ஏற்பட்ட ஏரி. மேட்டூரில் தண்ணீர் திறந்து, வாய்க்காலில் ஓடி வந்து, மழையும் சேர்ந்தால்தான் ஏரி நிறையும். ஏரி நிறைந்தால்தான் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் வாத்தும் வரும். மேட்டூர் திறக்க ஜூன் 12 என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எல்லா வருஷமும் அந்தத் தேதியில் திறப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். திருத்துறைப்பூண்டி பக்கத்து உதயமார்த்தாண்டபுரம் சரணாலயத்துக்கும் இதே கதைதான்.

நத்தைகுத்தி நாரைக்கு வயல்தான் சாப்பாட்டுக் கடை. அலகு முழுதாக மூடாமல் நடுவில் சந்து விட்டிருக்கும். வயலிலும் வாய்க்காலிலும் நத்தையை அள்ளுகிறது. அதைப் படம் எடுத்துவிட்டு வரப்பையும் மதகையும் வெட்டி எறிந்தால், சாப்பாட்டுக் கடையை மூடியதற்குச் சமம்.

நல்லவேளை, விதியிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. படம் சொல்லும் கதைக்கு அவசியம் என்றால் மனிதன் செய்தது இருக்கலாம். மனிதன் மாற்றிய இடத்தில் பழகிப்போன கூகையையும் நாரையையும் உதாரணமாகவே சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர்க் கொக்குக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. டிராக்டர் வரட்டும்!

கிளையில் கைவைத்தால்...

ஓரத்தில் கம்பியை வெட்டுவதால் எந்தப் பறவையும் சாகாது. கூட்டுக்கு முன்னால் மறைக்கும் கிளையை வெட்டினால் சாகும்.

அந்த இலைதான் குஞ்சுக்குக் குடை. அது போனால் வெயில் நேராக இறங்கும். காக்கைக்கும் பருந்துக்கும் கூடு பளிச்சென்று தெரியும். ஆள் நிற்பதால் தாய்ப்பறவை திரும்பி வரத் தயங்கும். படம் எடுத்தவர் 'நல்லா விழுந்திருக்கு' என்று பஸ் ஏறிப் போய்விடுவார். மறுநாள் கூட்டில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கே பொருள் விரிவாக இருக்கிறது. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அதில் அடங்கும். கையில் துப்பாக்கிதான் இருக்கவேண்டும் என்று இல்லை! இந்தியாவில் பல போட்டிகள் இப்போது கூட்டுப் படங்களை வாங்குவதே இல்லை.

பறவையும் சும்மா விடாது. பிரிட்டனின் பேர்பெற்ற பறவைப் படக்காரர் எரிக் ஹாஸ்கிங், 1937-ல் கூட்டருகே போனபோது ஆந்தை தாக்கி இடது கண்ணை இழந்தார். மற்றொரு கண்ணை வைத்துக்கொண்டே மேலும் பல பத்தாண்டுகள் படம் எடுத்தார்.

இரண்டு பெரியவர்கள்

நம்மவர்களில் மா.கிருஷ்ணன் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-ல் காலமாகும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதினார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா கட்டினார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். அவர் படங்கள் கறுப்பு வெள்ளை.

இன்னொருவர் டி.என்.ஏ.பெருமாள். பெயரின் முன்னெழுத்தில் தஞ்சாவூரைச் சுமந்தவர். 1932-ல் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, 2017-ல் மறைந்தார். வனவிலங்குப் படத்தில் பலருக்குக் குரு. கிருஷ்ணனின் படங்களும் எழுத்தும் 2006-ல் ஆங்கிலத்தில் பெரிய புத்தகமாக வந்தபோது அதைத் தொகுத்தவர்களில் பெருமாளும் ஒருவர்.

இருவரும் பிலிம் காலத்து ஆட்கள். ஒரு சுருளில் இத்தனைதான் என்று எண்ணிக்கை இருந்ததால், விசையை அழுத்துமுன்பே எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தாகவேண்டும். இப்போது ஒரே கொக்குக்கு நானூறு படம் எடுக்கலாம். முடிவை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு வந்துவிட்டது.

ஆனால் வெட்டாத மூலப் படத்தை அழித்துவிடக் கூடாது. போட்டி நடத்துகிறவர்கள் சந்தேகம் வந்தால் 'ஒரிஜினல் எங்கே?' என்று கேட்பார்கள்.

வடுவூர் போகிறவர்கள் தஞ்சாவூரில் மன்னார்குடி பஸ் ஏறினால் போதும். சுமார் 25 கிலோமீட்டர். மழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்திருந்தால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைக் கூட்டம் இருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கரையில் நின்றால், வயலுக்குப் போன கொக்குகள் வரிசையாக வீடு திரும்புவதைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் ஆடு மாடும் அதே கரையில்தான் வரும்.