திசை தெரியும், ஊர் தெரியாது

நம் நாட்டில் ஆவணி பிறக்கும் சமயத்தில், கனடா தேசத்தின் தென்பகுதியிலுள்ள ஈரி ஏரிக்கரையில் ஆண்டுதோறும் ஒரு விசித்திரமான வேலை தொடங்குகிறது. பொழுது புலர இன்னும் அரை மணி நேரம் இருக்கும். சிலர் கைவிளக்குகளுடன் புதர்களின் நடுவே செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் நடந்து, கம்பங்களுக்கிடையே சுருட்டிக் கட்டியிருக்கும் வலைகளை விரிக்கின்றனர். அவர்கள் வேடர்கள் அல்லர். பிடித்த பறவையைச் சிறிது நேரத்தில் பறக்க விட்டுவிடும் ஆராய்ச்சியாளர்களும் தொண்டர்களுமே ஆவர்.

இவ்விடத்துக்கு லாங் பாயிண்ட் என்று பெயர். ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரிக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டு அது. வடக்கே கோடையில் குஞ்சு பொரித்த சிறு பறவைகள், குளிருக்கு அஞ்சித் தெற்கு நோக்கிச் செல்லும் வழியில் இங்கே இறங்கி, இரை தேடி இளைப்பாறுகின்றன. 1960ஆம் ஆண்டில் இங்கே தொடங்கப்பெற்ற பறவை ஆய்வு நிலையம், அமெரிக்கக் கண்டங்களில் இவ்வகை நிலையங்களுள் மிகப் பழமையானது. இதுகாறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் காலில் இவர்கள் வளையம் பூட்டியிருக்கிறார்கள்.

வலையும் வளையமும்

வலை சுமார் 12 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ளது. கறுப்பு இழைகள் மிக மெல்லியவை. புதரின் நிழலில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. பறந்து வரும் குருவி வலையில் மோதி, அதன் தொய்ந்த மடிப்பில் பைக்குள் விழுந்ததுபோல் விழுகிறது. அரை மணிக்கொரு முறை வலைகளைச் சுற்றி வந்து, பறவைகளை மெல்ல விடுவித்துத் துணிப்பையில் இட்டு எடுத்து வருகிறார்கள். மழையோ பலத்த காற்றோ வந்தால் வலையை உடனே சுருட்டிவிடுவார்கள்.

மேஜையருகே அமர்ந்திருப்பவர் பறவையின் கழுத்தை இரு விரல்களுக்கிடையே வைத்து, நோகாமல் பிடித்துக்கொள்கிறார். முதலில் காலில் அலுமினிய வளையம் ஏறுகிறது. அதில் பொறித்த எண் உலகில் வேறு எப்பறவைக்கும் கிடையாது. பிறகு இறகை அளக்கிறார். மார்பின் மேலுள்ள மென்தூவிகளை வாயால் ஊதி விலக்கி, தோலுக்கடியில் மஞ்சளாகத் தெரியும் கொழுப்பைப் பார்க்கிறார். அக்கொழுப்பே அதன் கட்டுச்சோறு. கடைசியில் எடை. மஞ்சள் வார்ப்ளர் என்னும் குருவி சுமார் 10 கிராம்தான். மூன்று ஒரு ரூபாய் நாணயங்களின் கனம் என்று கொள்ளலாம். அது மத்திய அமெரிக்காவரையிலும், அதற்கும் அப்பால் தென் அமெரிக்காவின் வடபகுதிவரையிலும் செல்ல வேண்டும்!

முதல் நாட்களின் விருந்தினர்

இந்தத் தொடக்க நாட்களில் வலையில் விழுவன பெரும்பாலும் அவ்வாண்டே முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பறவைகள். அதை எவ்வாறு அறிகிறார்கள்? தலையின் தூவிகளைச் சற்று ஈரப்படுத்தி விலக்கினால், மெல்லிய தோலினூடே மண்டையோடு தெரியும். முதிர்ந்த பறவைக்கு அது இரண்டு அடுக்காகி, வெண்புள்ளிகளுடன் தோன்றும். இளம்பறவைக்கோ இன்னும் ஓரடுக்குதான், இளஞ்சிவப்பாகத் தெரியும்.

மண்டையோடுகூட முற்றாத இக்குழந்தைகள், பெரும்பாலும் இரவில், பெற்றோர் துணையின்றியே புறப்படுகின்றன. கண்டிராத நாட்டுக்கு இவற்றை அழைத்துச் செல்வது எது?

கால்வளையமே இதற்கு ஒரு விடை தந்தது. 1899இல் டென்மார்க்கில் மார்டென்சன் என்னும் ஆசிரியர், நம் மைனாவின் உறவினமான ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண்ணிட்ட அலுமினிய வளையங்களைப் பூட்டி இம்முறையைத் தொடங்கி வைத்தார். அதே இனப் பறவைகள் பதினோராயிரத்துக்கு மேற்பட்டவற்றை, அவை தெற்கும் மேற்குமாகச் செல்லும் பருவத்தில், ஹாலந்தில் பிடித்து விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டார்கள். பெர்டெக் என்னும் அறிஞர் 1958இல் அதன் முடிவை வெளியிட்டார். முன்பு ஒருமுறையேனும் பயணம் செய்திருந்த முதிய பறவைகள் திசையைத் திருத்திக்கொண்டு, வழக்கமான குளிர்கால ஊர்களை நோக்கிச் சென்றன. இளம்பறவைகளோ ஹாலந்திலிருந்து எத்திசையில் பறந்திருக்குமோ அத்திசையிலேயே பறந்து, தென் பிரான்சிலும் ஸ்பெயினிலும் போய்ச் சேர்ந்தன!

பிறக்கும்போதே திசை அவற்றின் உடலில் அமைந்திருக்கிறது. ஆனால் ஊர் அமைந்திருக்கவில்லை. ஊரைப் போய்த்தான் அறிந்துகொள்ள வேண்டும். பிழைத்த இளம்பறவைகள் பின்வந்த ஆண்டுகளில் தாம் முதன்முதலில் போய்த் தங்கிய புதிய இடத்துக்கே குளிர்காலத்தில் சென்றன என்பதையும் வளையங்கள் காட்டின. பிழைப்பைத் தேடி வந்த ஊரையே சொந்த ஊராக்கிக்கொண்ட நம் குடும்பங்களுக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது.

எண்ணிக்கை எதற்கு?

1970க்குப் பிறகு வட அமெரிக்கா சுமார் 300 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறிற்று. நான்கில் ஒரு பங்குக்கும் மேலான இழப்பு அது. இழப்பு எங்கே நேர்கிறது என்று தெரியாமல் பரிகாரம் செய்வது எப்படி? ஆவணி மாத வலையில் இளம்பறவைகள் குறைந்திருந்தால், அவ்வாண்டு கூட்டிலேயே ஏதோ குறை நேர்ந்தது என்று ஐயுற இடமுண்டு. இளம்பறவைகள் நிறைந்திருந்தும், மறு வேனிலில் திரும்பி வருவன ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போனால், குறை வழியிலோ குளிர்கால ஊரிலோ இருக்கக்கூடும். ஆதலால்தான் வலையில் ஒரு குருவியும் விழாத காலை வேளையையும் இவர்கள் தவறாமல் ஏட்டில் குறித்து வைக்கிறார்கள்.

வளையம் பூண்ட சிறு குருவிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட வேறிடத்தில் மீண்டும் அகப்படுவதில்லை. ஆகவே கிடைக்கும் ஒவ்வொரு வளையமும் அரிய செல்வம். நம் நாட்டில் 1883இல் நிறுவப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இப்பணியைச் செய்து வருகிறது. நம் கோடிக்கரையிலும் அக்கழகத்தார் பல்லாயிரம் பறவைகளுக்கு வளையம் இட்டிருக்கிறார்கள். நம் அன்பர்கள் வாழும் ஊரின் ஏரிக்கரையிலோ வயல்வரப்பிலோ, வளையம் பூண்ட பறவை ஒன்று இறந்து கிடக்கக் கண்டால், வெறுங்கையால் அதைத் தொட வேண்டாம். எண்ணைப் பிழையின்றிப் படித்து, கண்ட இடத்தையும் தேதியையும் சேர்த்து அக்கழகத்துக்கு எழுதுங்கள். அப்பறவை போய்ச் சேர்ந்த ஊர் எது என்று, அதற்கு வளையம் பூட்டியவர் அறிந்துகொள்ள அது ஒன்றே வழியாக இருக்கலாம்.