சின்னக் கைகள் கட்டும் மாளிகை

அஸ்தினாபுரத்தில் புது வீடு எழும்பும் தெருவில் சற்றே நின்று பாருங்கள். கீழ்வரிசைச் செங்கற்களின் மூட்டுக்கு நேர்மேலே அடுத்த வரிசையின் மூட்டு வரக் கொத்தனார் இடங்கொடுப்பதில்லை. கொடுத்தால் சுவர் அவ்வழியே பிளந்துவிடும் அன்றோ? பொம்மைக் கற்களால் செட்டிநாட்டு மாளிகை கட்ட விழையும் பிள்ளைக்கும் இதுவே முதற்பாடம்.

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958-இல் காப்புரிமை கோரிய கல்லில், மேலுள்ள குமிழ்களும் உள்ளிருக்கும் குழாய்களும் ஒன்றையொன்று இறுகப் பற்றுகின்றன. கல்லின் உயரம் 9.6 மில்லிமீட்டர், தட்டைக் கல்லுக்கோ 3.2. ஆகவே மூன்று தட்டைகள் ஒரு கல்லுக்குச் சமம். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை 8 மில்லிமீட்டர். ஐந்து தட்டைகளை அடுக்கினால் 16. அதுவே இரு குமிழ்களின் அகலம். இக்கணக்கை அறிந்தவர், பக்கவாட்டில் குமிழுள்ள கல்லைக் கொண்டு தட்டைகளைச் சாய்த்துப் பொருத்தி, சன்னல் சட்டமும் தூண் வேலைப்பாடும் இடைவெளியின்றி அமைக்கலாம்.

கூரையைச் சில குமிழ்களில் மட்டும் அமர்த்துக. எளிதில் எடுத்தால் திண்ணையும் முற்றமும் கண்ணுக்குத் தெரியும்.

பெற்றோரே, சுவர் சரிந்தால் விரைந்து கை நீட்டாதீர்கள். எம்மூட்டில் பிளந்தது என்பதைப் பிள்ளையே கண்டறியட்டும். அடுத்த சுவர் நிற்கும்.