9 வோல்ட் பேட்டரியும் தேவையற்ற அச்சமும்

மின் இசைக்கருவி பழகும் இளைஞர்களிடையே ஓர் எச்சரிக்கை நெடுங்காலமாக உலவி வருகிறது. 'ஆக்டிவ்' வகை பேஸ் கிதாரை, அதற்கெனக் குறிக்கப்படாத ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் ஆம்ப்ளிஃபயர் பழுதாகிவிடும் என்பதே அது. சில ஆம்ப்ளிஃபயர்களின் முகப்பில் 'ஆக்டிவ்', 'பேசிவ்' என்று இரண்டு தனித்தனித் துளைகள் இருப்பது இந்த நம்பிக்கைக்கு மேலும் வலுச் சேர்க்கிறது. தவறான துளையில் செருகினால் ஏதோ விபரீதம் நேரும் என்று தோன்றுவது இயல்பே.

நான் அறிந்த கல்லூரி இசைக்குழு ஒன்றில், பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஆக்டிவ் கிதார் வாங்கிய மாணவர் ஒருவர், குழுவின் பொது ஆம்ப்ளிஃபயரில் அதை இணைக்க அனுமதிக்கப்படவில்லை. அனுமதி மறுத்தவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆம்ப்ளிஃபயர் பழுதானால் பழி அவர் மீது விழும். மாணவர் நன்றாக வாசித்தாலோ பாராட்டு அவருக்கு வராது. எச்சரிப்பவருக்குச் செலவு வைக்காத எச்சரிக்கைகளுக்கு ஆயுள் அதிகம் என்பது பொருளியல் கற்பித்தவனுக்குப் பழக்கமான செய்திதான். அச்சத்துக்கான விலையை வேறொருவர் கொடுக்கிறார்.

மின் பேஸ் கிதார் பரவக் காரணமாக இருந்தது, 1951-இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட 'பிரசிஷன் பேஸ்'. அதில் பேட்டரி கிடையாது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட 'பிக்கப்'புக்கு மேலே உலோகத் தந்தி அதிரும்போது, சுருளில் சிறு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அது அப்படியே கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரை அடைகிறது. இதுதான் பேசிவ் வகை. இதில் இரண்டு குறைகள் உண்டு. கேபிள் நீண்டால் ஒலியின் கூர்மை மங்கும். கருவியிலுள்ள குமிழைத் திருகி ஒலியின் ஒரு பகுதியைக் குறைக்க முடியுமே தவிர, கூட்ட முடியாது.

இந்தக் குறைகளைப் போக்க, கருவிக்குள்ளேயே பேட்டரியில் இயங்கும் சிறு மின்சுற்று ஒன்றை வைக்கும் வழியைக் காட்டிய முன்னோடிகளில் ஒன்று, 1969-இல் தொடங்கப்பட்ட அலெம்பிக் நிறுவனம். ஆனால், அதன் கருவிகள் எல்லோரும் வாங்கத்தக்கவை அல்ல. தன் நிறுவனத்தை 1965-இல் சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றுவிட்ட லியோ ஃபெண்டர், பின்னர் மியூசிக் மேன் நிறுவனத்தில் பங்கேற்றார். அங்கிருந்து 1976-இல் வந்த 'ஸ்டிங்ரே' கிதார்தான் ஆக்டிவ் வகையைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பேஸ் கிதாருக்கென்றே 1952-இல் 'பேஸ்மேன்' ஆம்ப்ளிஃபயரைத் தயாரித்தவரும் இதே ஃபெண்டர்தான். ஆம்ப்ளிஃபயரை எரிக்கக்கூடிய கிதாரை அவர் சந்தைக்கு அனுப்பியிருப்பார் என்று நம்புவது கடினம்.

இனி கணக்கைப் பார்ப்போம். கிதாருக்குள் இருப்பது 9 வோல்ட் பேட்டரி ஒன்று. அந்த மின்சுற்று எவ்வளவு முயன்றாலும் பேட்டரியின் எல்லையைத் தாண்டி மின்னழுத்தம் தர முடியாது. மேலும் கீழுமாக அசையும் அலைக்கு உச்ச அளவு ஏறத்தாழ 4.5 வோல்ட். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுத் தடை பொதுவாக 10 லட்சம் ஓம். அப்படியானால் உள்ளே பாயும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரின் 10 லட்சத்தில் நான்கரைப் பங்கு. திறனாகக் கணக்கிட்டால் ஒரு வாட்டின் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு பேட்டரிகள் போட்டு 18 வோல்ட்டில் இயங்கும் கருவியானாலும் இது நான்கு மடங்காகும்; அவ்வளவே. இந்தத் துளியளவு திறனால் அந்த உள்ளீட்டில் எதுவும் சூடாகிவிடாது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆக்டிவ் என்றால் எப்போதும் வலுவான சமிக்ஞை என்று பொருளில்லை. குமிழ்கள் நடுநிலையில் இருக்கும்போது பல ஆக்டிவ் கருவிகள் பிக்கப்பின் ஒலியைச் சிறிதும் பெருக்காமலேயே அனுப்புகின்றன. வலிய பிக்கப் கொண்ட பேசிவ் கிதாரைக் கட்டைவிரலால் அறைந்து வாசித்தால், அது சில ஆக்டிவ் கருவிகளை மிஞ்சிவிடும். தவிர, கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே பேட்டரியில் இயங்கும் பெடல்களை வைத்து, வேண்டுமென்றே ஒலியைச் சிதைத்து வாசிப்பது 1960-களிலிருந்து நடந்து வருகிறது. அந்தப் பெடல்கள் ஆம்ப்ளிஃபயரை எரித்துவிடும் என்று யாரும் அஞ்சுவதில்லை. பேட்டரி பெடலில் இருந்தால் பாதுகாப்பு, கிதாருக்குள் இருந்தால் ஆபத்து என்பது விநோதமான தர்க்கம்.

அப்படியானால் இரண்டு துளைகள் எதற்கு? 'ஆக்டிவ்' எனக் குறிக்கப்பட்ட துளை, உள்ளே வரும் சமிக்ஞையைச் சுமார் 10 முதல் 15 டெசிபல் வரை குறைத்து அனுப்புகிறது. 10 டெசிபல் குறைந்தால் மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். சமிக்ஞை மிகுந்தால் ஆம்ப்ளிஃபயரின் முதல் கட்டத்திலேயே அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, ஒலி கரகரக்கும். அதைத் தவிர்க்கும் வசதிதான் இது. தவறான துளையில் செருகினால் ஒலி கெடும், அல்லது மெலியும்; கருவி கெடாது. ஆக்டிவ் கிதாரைப் பேசிவ் துளையில் இணைத்து, ஒலி தெளிவாக இருந்தால் அப்படியே வாசிக்கலாம். இங்கே குறிப்பேட்டைவிடக் காதுக்கே அதிகாரம் அதிகம்.

உண்மையான ஆபத்து உள்ளீட்டில் இல்லை. மறுமுனையில், ஸ்பீக்கரில் இருக்கிறது. ஆக்டிவ் கிதாரின் 'பேஸ்' குமிழை முழுவதும் திருகினால் தாழ்ந்த ஒலிகள் 12 டெசிபல் அளவுக்கு உயரலாம். 12 டெசிபல் என்பது மின்னழுத்தத்தில் 4 மடங்கு, திறனில் 16 மடங்கு. 20 வாட்டில் நிதானமாக ஒலித்துக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரிடம் திடீரென்று 320 வாட் கேட்பதற்கு இது சமம். 100 வாட் ஆம்ப்ளிஃபயரால் அதைத் தர இயலாது. அலை தட்டையாக வெட்டுப்படும். முழுமையாக வெட்டுப்பட்ட அலை, அதே உச்ச அளவுள்ள சீரான அலையைப்போல் இருமடங்கு திறனைச் சுமந்து செல்லும். ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் சில விழுக்காடே ஒலியாகிறது. மீதியெல்லாம் சுருளில் வெப்பம். சுருள் கருகுவது இப்படித்தான்.

கூம்பின் நிலையும் இதுவே. அதே உரப்பில் ஒலிக்க, அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு 4 மடங்கு தொலைவு அசைய வேண்டும். நான்கு தந்தி பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. ஐந்து தந்திக் கருவியில் அது சுமார் 31. சிறிய பெட்டியிலுள்ள ஸ்பீக்கரிடம் இதையும் கேட்டு, பேஸ் குமிழையும் முழுவதும் திருகினால், கூம்பு தன் எல்லையில் முட்டித் 'தட் தட்' என்று அடிக்கும். அந்த ஓசை கேட்ட உடனே ஒலியைக் குறைத்துவிட வேண்டும். ஆனால், ஆம்ப்ளிஃபயரிலேயே உள்ள பேஸ் குமிழைத் திருகினால் பேசிவ் கிதாரும் இதே சேதத்தைச் செய்யும். எனவே, ஆக்டிவ் கிதாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை.

ஆம்ப்ளிஃபயரைக் கெடுப்பவை வேறு. குறிப்பிட்ட ஓம் அளவுக்குக் கீழே ஸ்பீக்கர்களைச் சேர்த்துக்கொண்டே போவது, வால்வு ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் இல்லாமல் இயக்குவது, காற்றுத் துளைகளை அடைத்துவிடுவது ஆகியவை அவற்றில் சில. ஓர் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீட்டில் செருகுவதும் அப்படியே. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தரும் வெளியீட்டில் 28 வோல்ட் இருக்கும். அதற்குப் பின்னால் வலுவான மின்னோட்டமும் இருக்கும். பேட்டரிக்கு இல்லாத வல்லமை அதற்கு உண்டு.

ஆக்டிவ் கிதார் வைத்திருப்பவர் நினைவில் கொள்ள வேண்டியது, வாசித்து முடித்ததும் கேபிளைக் கிதாரிலிருந்து கழற்றிவிடுவது. பெரும்பாலான கருவிகளில் கேபிளைச் செருகுவதுதான் பேட்டரியை இயக்கும் சுவிட்ச். செருகியபடியே விட்டால் பேட்டரி தீர்ந்துபோகும். தீரும் தறுவாயில் ஒலி கரகரக்கும். ஆம்ப்ளிஃபயர் பழுதாகிவிட்டது என்று பலர் பதறுவது இந்தக் கரகரப்பைக் கேட்டுத்தான். கேபிளைச் செருகும்போதும் கழற்றும்போதும் ஆம்ப்ளிஃபயரின் ஒலியை முழுவதும் குறைத்துக்கொள்வதும் நல்லது.

மேடையில் நாம் அஞ்சத் தவறுவது எர்த் இணைப்பைப் பற்றி. கிதாரின் தந்திகள் பொதுவாகக் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. ஆக்டிவ், பேசிவ் என்ற வேறுபாடு இதில் பெரும்பாலும் இல்லை. எர்த் இல்லாமல் மின்கசிவு ஏற்பட்டால், ஒரு கை தந்தியிலும் மறு கை மைக்கிலும் பட்ட கணத்தில் மின்சாரம் உடல் வழியே பாயும். 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார்.

நம் ஊர் மேடைகளில் எர்த் முனை ஒடிக்கப்பட்ட பிளக்குகளையும், பிளக்கே இல்லாமல் தீக்குச்சி வைத்துச் செருகிய கம்பிகளையும் இன்றும் காண முடிகிறது. நிகழ்ச்சிக்கு முன் எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு எர்த்தைச் சோதிக்கவும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவும் சில நிமிடங்கள் போதும்.